உப்பு குறைந்தபோது சிரித்தவர்கள்

என் உடம்பில் சோடியம் என்று ஒன்று இருந்ததே, அது போன பிறகுதான் எனக்குத் தெரியும். "புருஷன் அருமையும் அப்படித்தானே" என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் சொன்னேன். "ஆப்ரேசன் பண்ண வயிறு, தையல் பிரிஞ்சுடும், சிரிக்க வைக்காதடி" என்று திட்டினாள்.

ஆறு நாள் இருந்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும், "என்ன அஞ்சல, புத்தி பெசகிடுச்சாமே?" என்று கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான் எழுத்துக் கூட்டி எழுதுவதை மருமகன் திருத்தித் தருகிறார். மருமகன் எதிரே நின்று பேசும் வழக்கம் எங்களிடம் இல்லை. அதனால் தாளின் தலையிலேயே அவருக்கு எழுதி வைத்தேன்: எழுத்தைத் திருத்துங்கள், கதையைத் திருத்தாதீர்கள்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். நான், என் ஒரே மகள் செல்வி, ரயில்வே ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் வேலை பார்க்கும் மருமகன், பின்பக்க அறையில் என் கொழுந்தன் கலியபெருமாள். நான் பதினேழு வயதில் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவனுக்கு எட்டு வயது. இப்போது ஐம்பத்தேழு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செராமிக் கம்பெனியில், சூளையிலிருந்து இறக்குகிற பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைச் சோதிக்கிற வேலை. ஒவ்வொன்றையும் சின்னக் கம்பியால் தட்டிக் காதில் வாங்குவான். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் சத்தம் மாறுமாம். அவன் கழித்த கட்டையை முதலாளியே மறுபடி எடுத்துப் பார்க்க மாட்டார்.

ஆனால் அவன் ஒரு மாதிரி. யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டான். யாராவது தொட்டால் சுருங்கிப் போவான். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வான். நானோ தெருவுக்கே வேடிக்கைக்காரி. நான் வாயைத் திறந்தாலே சிரிக்கத் தயாராக நாலு பேர் நிற்பார்கள். அவன் மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றுவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்பான். "அண்ணி, இது வெளயாட்டா, நெசமா?"

நான் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வேன். "நெசந்தான் தம்பி."

ஒரு சித்திரை வெயிலில், "மங்கலம்பேட்டையில ஒத்தக் கொம்பு ஒட்டகம் வந்திருக்குது தம்பி, பாய் கடைக்கிட்ட கட்டியிருக்காங்களாம்" என்றேன். சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், கடை கடையாக விசாரித்துவிட்டு, சாயங்காலம் கருவாடாகத் திரும்பி வந்தான். "ஒட்டகம் இல்ல அண்ணி." "அடப் பாவமே, இப்பதான் கெளம்பியிருக்கும்" என்றேன். அடுத்த வாரம் மறுபடியும் போனான். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அதிகம் சிரித்தது செல்வி. அவள் அச்சு என்னைப் போலவே. நான் கண்ணைச் சிமிட்டினால் மீதியை அவள் முடித்துவிடுவாள்.

இனி நோய்க்கு வருகிறேன்.

எனக்கு பிரஷர். டாக்டர் நீர் பிரிய ஒரு மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். குறைப்பானேன், நிறுத்தியே விடுவோம் என்று நிறுத்திவிட்டேன். கூழிலும் உப்பில்லை, குழம்பிலும் உப்பில்லை. கோடை வேறு. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன். மாத்திரை ஒரு பக்கம் உப்பை வெளியே தள்ள, நான் குடித்த தண்ணீர் மிச்சம் இருந்த உப்பையும் நீர்க்க வைத்தது. முதலில் குமட்டல், பிறகு தலைவலி, பிறகு தூக்கம் தூக்கமாக வந்தது. வெயில் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி எனக்கு ஞாபகம் இருக்கிறது. மீதி மற்றவர்கள் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை காலை மருமகன் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய் அவர் எதிரில் நின்று, முகத்துக்கு முகம் பார்த்துக் கேட்டேனாம். "என்னய எட போட்டாச்சா? எந்த ரயில்ல ஏத்துறீங்க?"

மருமகன் திகைத்துப்போய் எழுந்து நின்றார். பன்னிரண்டு வருஷத்தில் நான் அவர் எதிரில் வந்து பேசியதே இல்லை. அடுப்படியிலிருந்து வந்த செல்வி சுவரில் சாய்ந்து சிரித்தாள். "யம்மா, மாப்ளயக் கூட வுட மாட்டியா நீ! இது பெருசும்மா, எட போட கிரேன் வரணும்" என்றாள். மருமகனும் சிரித்தார். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். மருமகன் முன்னால் நின்று பேசினாளே, அஞ்சலைக்கு என்னமோ ஆகியிருக்கிறது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அஞ்சலை துணிந்துவிட்டாள் என்றுதான் தோன்றியது.

அப்புறம் நடந்தது எனக்கே நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது எனக்கு வேடிக்கையாக இல்லை. செல்வி இருந்த இடத்தில் என் மாமியார் நின்றார்கள். எனக்குப் பதினேழு வயது. இதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. கனவு மாதிரி என்று சொல்லலாம், ஆனால் கனவில் தரை இப்படிச் சுடாது. என் கையில் மாவு ஒட்டியிருந்தது.

"அத்தே, எங்கம்மா வூட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வரேன் அத்தே."

செல்வி இடுப்பில் கையை வைத்தாள். "அம்மா வூடா? மாவு யாரு ஆட்டுறது, ஒங்கப்பனா?"

"ஆட்டிட்டன் அத்தே. அடிக்காதீங்க அத்தே."

"ஆடி மாசம் வரட்டும், அனுப்புறன். போடி உள்ள!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. இந்த வருஷம்தான் மருமகன் செல்வியின் கைக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்திருந்தார். சேத்தியாத்தோப்பில் இருக்கும் என் தங்கச்சிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என் வாய்க்கு நேராக நீட்டினாள். நான் அடிக்காதீங்க, அடிக்காதீங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். போனுக்குள்ளிருந்து என் தங்கச்சி சொன்னாள்: "அக்கா, இன்னொரு தடவ சொல்லு, இங்க பஸ்ஸு சத்தத்துல சரியா கேக்கல."

கலியபெருமாள் அன்றைக்கு வீட்டில் இல்லை. சூளை பிரிக்கிற நாள் என்று கம்பெனியிலேயே தங்கிவிட்டான். திங்கள் காலை ஆறு மணிக்கு வந்தபோது, சர்க்கரை டப்பாவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேனாம். அவன் வழக்கம்போலக் கேட்டான்.

"அண்ணி, இது வெளயாட்டா, நெசமா?"

நான் பதில் சொல்லவில்லை.

இன்னொரு தடவை கேட்டான். அதற்கும் பதில் இல்லை. நாற்பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாதது அன்றைக்குத்தான்.

"அண்ணிக்கு ஒடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"அட போ சித்தப்பா! நேத்துலேர்ந்து ஒரே கூத்து. ஒனக்கு எந்தக் காலத்துல ஜோக்கு புரிஞ்சுது?" என்றாள் செல்வி.

அவன் வாதாடவில்லை. செருப்பு கூடப் போடாமல் ஜங்ஷனுக்குப் போய் ஆட்டோ கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டாள். "எப்பயுமே இப்புடித்தாங்க டாக்டர், தமாசா பேசுவாங்க" என்றாள் செல்வி. "சனிக்கிழம ராத்திரி சாப்புடறப்ப சரியா இருந்தாங்க. இன்னிக்கு ஆறு மணிக்கு சரியா இல்ல" என்றான் கலியபெருமாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. டாக்டரம்மா செல்வியை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாளாம்.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் குழாயில் அடைப்பு எதுவும் இல்லை. ரத்தப் பரிசோதனையில்தான் பிடிபட்டது. ரத்தத்தில் இருக்கிற உப்புக்குத்தான் சோடியம் என்று பெயர். நூற்று முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டியது எனக்கு நூற்றுப் பன்னிரண்டு. உப்பு குறைந்தால் தண்ணீர் மூளைக்குள் இறங்கி ஊறிவிடுமாம், ஊறப் போட்ட கொண்டைக்கடலை மாதிரி. ஊறின மூளை என்ன பேசும்? ஊறினதைப் பேசும். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் வலிப்பு வந்து போயிருப்பேன் என்றாள் டாக்டரம்மா. சரி, ஒரு கை உப்பைக் கரைத்துக் கொடுத்துவிடலாமே என்றால் அதுவும் கூடாது. வேகமாக ஏற்றினால் மூளை நரம்பு கெட்டு, கை கால் விழுந்துவிடுமாம். சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், தண்ணீர் அளந்துதான் தர வேண்டும்.

நான் டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கினேன். என் மாமியார் என் கையில் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். நர்ஸு, கையைக் கட்டலாமா என்று செல்வியைக் கேட்டாள். "கட்டுங்க" என்றாள் செல்வி. கட்டுத் துணியால் இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டினார்கள். அந்த முடிச்சுப் போடும்போது என் மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிடி எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கலியபெருமாள் நர்ஸைக் கேட்டான். "ஊசியப் புடுங்காம யாராவது புடிச்சிக்கிட்டா, கட்ட வேணாங்களா?" வேண்டாம் என்று அவள் அவிழ்த்ததும், தோளில் இருந்த துண்டை என் மணிக்கட்டில் போட்டு, துண்டுக்கு மேலே பிடித்துக்கொண்டான். யாரையும் தொடாதவன். சுருங்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான், ஆனால் விடவில்லை. பொழுது சாய்கிற வரைக்கும் அப்படியே இருந்தானாம். பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்கள் தங்கக் கூடாது என்று அவனை வெளியே அனுப்பிவிட்டு, மறுபடி கட்டிவிட்டார்கள்.

புதன்கிழமை எனக்குத் தெளிந்தது. கிணற்றுக்குள்ளிருந்து மேலே வருகிற மாதிரி முதலில் சத்தம்தான் வந்தது. செல்வியின் சத்தம். கண்ணைத் திறக்காமல் கேட்டேன்.

வார்டில் இருந்த பெண்களைச் சுற்றி உட்கார வைத்து, என் கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். என் குரல், என் இழுப்பு, எல்லாம் அப்படியே. என்னிடம் கற்றுக்கொண்டவள் அல்லவா? "ஆட்டிட்டன் அத்தேஏஏ! அடிக்காதீங்க அத்தேஏஏ!" வார்டே சிரித்தது. ஒரு நர்ஸு, "எங்க, இன்னொரு வாட்டி" என்றாள்.

நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். என் மாமியார் அடிப்பார்கள். சாதாரணமாக இல்லை, விறகுக் கட்டையால். ஒருநாள் அடிக்க ஓங்கியபோது, பயத்தில் என் வாயில் ஏதோ ஒரு கிறுக்குப் பேச்சு வந்தது. மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டையைக் கீழே போட்டார்கள். அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு மாமியார் எழுந்து வருவதற்கு முன்னாலேயே ஒரு வேடிக்கையைத் தயாராக வைத்திருப்பேன். செல்விக்கு இரண்டு வயது இருக்கும்போது மாமியார் போய்விட்டார்கள். அந்தப் பேச்சு மட்டும் என்னோடு தங்கிவிட்டது. செல்விக்கு அவள் ஆயாவைப் பற்றி நான் சொன்னதெல்லாம் வேடிக்கைக் கதைகள்தான். அதனால் அவள் சிரித்தது அவள் குற்றமில்லை என்று புத்திக்குத் தெரிகிறது. புத்திக்குத் தெரிந்து என்ன செய்ய? என் வயிற்றில் பிறந்து, என் வாயை வாங்கிக்கொண்டு பிறந்தவளுக்கு, என் குரலில் இருந்த நடுக்கம் கேட்கவில்லையே.

கண்ணைத் திறந்தேன். "செல்வி, அது ஜோக்கு இல்லடி."

"வந்துட்டாங்கய்யா கதாநாயகி!" என்று கை தட்டினாள். வார்டு இன்னும் சிரித்தது.

அந்த நேரம் டாக்டரம்மா வந்தாள். "பாட்டி, இது எந்த ஊரு சொல்லுங்க?"

நாக்கு சும்மா இருக்குமா? பக்கத்துக் கட்டிலையும் செல்வியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சிங்கப்பூரு" என்றேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. குழப்பம் இன்னும் தெளியவில்லை என்று சீட்டில் எழுதினாள். கையை அவிழ்க்க வேண்டாம், மறுபடி ஸ்கேன் எடுக்கலாம் என்றாள். "ஐயோ டாக்டரே, வெளயாட்டுக்குச் சொன்னங்க, இது விருத்தாசலங்க, இன்னிக்குப் புதனுங்க" என்று கத்தினேன். கத்தியதும் அது இன்னும் பெரிய பைத்தியமாகத் தெரிந்திருக்கும். செல்வியைப் பார்த்தேன். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. உண்மையாகவே குழம்பியிருந்தபோது சந்தேகப்படாதவள், இப்போது சந்தேகப்பட்டாள்.

கதவோரமாக நின்ற கலியபெருமாள் சொன்னான். "இது வெளயாட்டுதாங்க. அண்ணி சரியாயிட்டாங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"அண்ணி வெளயாட்டுப் பேச்சு பேசறதுக்கு முன்னாடி எதுத்தாப்புல இருக்கறவங்க மூஞ்சிய ஒரு தடவ பாப்பாங்க. திங்கக்கெழம யாரு மூஞ்சியயும் பாக்கல. இப்பப் பாத்தாங்க."

டாக்டரம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என்னிடம் இன்னும் நான்கு கேள்வி கேட்டாள். மாதம், மகள் பெயர், நூறில் ஏழு போனால் எவ்வளவு, அதில் இன்னும் ஏழு போனால் எவ்வளவு. மூன்றாம் வகுப்புக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது? விரல் விட்டு எண்ணலாம் என்றால் விரல்தான் கட்டியிருக்கிறதே. எப்படியோ சொல்லிவிட்டேன். கட்டை அவிழ்த்தார்கள்.

மத்தியானம் செல்வி சாப்பிடப் போனதும் அவனைக் கேட்டேன். "மூஞ்சியப் பாக்கறன்னு ஒனக்கு எப்புடிப்பா தெரியும்? நீதான் யாரு மூஞ்சியயும் பாக்க மாட்டியே."

"எனக்கு எது ஜோக்குன்னு தெரியாது. அதனால நீங்க என்னா பண்றீங்கன்னு பாப்பன்." தூக்குச் சட்டியை மூடிக்கொண்டே சொன்னான். "மொதல்ல எங்கம்மா மூஞ்சியத்தான் பாப்பீங்க. பாத்துட்டுப் பேசுவீங்க. அம்மா சிரிச்சா அன்னிக்கு அடி கெடயாது."

எட்டு வயதுப் பையன். அடுப்படி மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். புருஷனுக்குத் தெரியாதது, மகளுக்குத் தெரியாதது, முட்டாள் என்று நினைத்து நாற்பத்தொன்பது வருஷம் நான் ஏய்த்தவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"அப்ப ஒட்டகம்? அதுவும் வெளயாட்டுன்னு தெரியுமா?"

"ரெண்டாந்தடவ போறப்ப தெரியும்."

"தெரிஞ்சும் ஏம்பா போன, அந்த வெயில்ல?"

"பாய் கடையில சர்பத்து நல்லாருக்கும்."

சொல்லிவிட்டுத் தூக்குச் சட்டியைக் கழுவ எடுத்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். சுவர் மாதிரி இருந்தது. சர்பத்துக்காகத்தான் போனானா? நான் சிரிக்க வேண்டும் என்று போனானா? அந்தக் காலத்திலிருந்து என்னைப் பார்த்து இவனும் சிரித்துக்கொண்டிருக்கிறானா? எதிரில் இருக்கிறவர் முகத்தைப் படித்தே உயிர் பிழைத்தவள் நான். அந்த ஒரு முகத்தில் எனக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக அவன் கேள்வியை நான் கேட்டேன்.

"தம்பி, இது வெளயாட்டா, நெசமா?"

சட்டியோடு குழாயடிக்குப் போய்விட்டான்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தோம். அந்த நீர் மாத்திரையை நிறுத்தி வேறு கொடுத்தார்கள். அளவோடு உப்பு, அளவோடு தண்ணீர். செல்வி என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள், பொய் சொல்லக் கூடாது. தலை வாரி விட்டாள், மாத்திரையை எண்ணி வைத்தாள், குழம்பை முதலில் தான் ருசி பார்த்து உப்பு சரியா என்று கேட்டாள். ஆனால் நான் ஏதாவது நிஜமாகச் சொல்ல வாயெடுத்தால் அவள் உதடு சிரிக்கத் தயாராகிவிடும். "செல்வி, அன்னிக்கு எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சுடி" என்றேன். "ஆமாமா, நீ பயப்பட்டு எமன்தான் ஓடிட்டான்" என்றாள்.

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய அன்று சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். சேத்தியாத்தோப்புத் தங்கச்சியும் வந்தாள். சாப்பிட்டு முடித்ததும் அவள்தான் ஆரம்பித்து வைத்தாள். "செல்வி, அன்னிக்குப் போன்ல சரியா கேக்கலடி. நீ செஞ்சு காட்டு."

செல்வி புடவையைத் தலையில் போட்டுக்கொண்டு, முதுகைக் கூனி, என் குரலில் ஆரம்பித்தாள். அடிக்காதீங்க அத்தே. கூடமே உருண்டது. தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது என் வாய் தானாகத் திறந்துகொள்ளும், அது அந்தக் காலத்துப் பழக்கம்.

தண்ணீர்ச் சொம்போடு வந்த கலியபெருமாள் என் முன்னால் நின்றான். "அண்ணி, இப்பச் சிரிக்கறீங்களே, இது வெளயாட்டா, நெசமா?"

முதல்தடவையாக அவனுக்கு உண்மையைச் சொன்னேன். "நெசமில்ல தம்பி."

அவன் திரும்பி, "செல்வி, நிறுத்து. அண்ணி சிரிக்கல" என்றான்.

செல்வி நடிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரிப்பை எடுத்துவிட்டு, வெறும் முகத்தை அவளுக்குக் காட்டினேன். அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. அது என்ன வேஷம் என்று யோசிப்பது தெரிந்தது. அப்புறம் அவளுக்குப் புரிந்துவிட்டது, அவளுக்குப் புரிகிற மாதிரி.

"பாத்தீங்களா! சித்தப்பாவயே கூட்டு சேத்துக்கிச்சு எங்கம்மா!" என்று கத்தினாள். முன்னைவிடப் பெரிய சிரிப்பு எழுந்தது.

நான் எழுந்து தோட்டத்துக் கதவுப் படியில் போய் உட்கார்ந்தேன். அவனும் வந்து இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தான். தோளில் கிடந்த துண்டின் ஒரு முனையை என் பக்கமாகத் தள்ளினான். பிடித்துக்கொண்டேன். மறுமுனையை அவன் பிடித்திருந்தான்.

மருமகனுக்கு ஒரு வார்த்தை. எழுத்துப் பிழை எல்லாம் திருத்தியாகிவிட்டதென்றால், இதைச் செல்விக்கு வாசித்துக் காட்டுங்கள். உங்கள் குரலில் வாசியுங்கள், என் குரல் வேண்டாம். எந்த இடத்தில் அவள் சிரிக்கிறாளோ, அந்த இடத்தோடு நிறுத்திவிடுங்கள்.